குடிக்காதவனின் குழறல்

மர்பி டவுன், பெங்களூரு
12 பிப்ரவரி 2025

அக்கா,

போனில் உன் பெயரைத் தொட்டால் மணி அடிக்காமலே கட் ஆகிறது. எத்திராஜ் மாமாதான் என் நம்பரை பிளாக் செய்திருப்பார். செய்யாவிட்டாலும் பயனில்லை. இப்போது நான் பேசுவது எதிரில் நிற்பவருக்கே பாதிதான் புரிகிறது. போனில் ஒன்றுமே புரியாது. அதனால் எழுதுகிறேன்.

மமதாவின் நிச்சயதார்த்தத்தன்று நான் குடிக்கவில்லை.

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் காகிதம். மீதியை நீ படிக்காமல் போனாலும் பரவாயில்லை.

தாய்மாமன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று கூப்பிட்டார்கள். "எங்க வீட்டுப் பொண்ண உங்க கையில ஒப்படைக்கிறோம்", அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வரும்போது ரயிலில் முழுக்க அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மேடையில் நாக்கு மடங்கிக்கொண்டது. ஒப்படைக்கிறோம் என்பது ஏதோ மாதிரி வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். பதற்றத்தில் கொடுத்த ஜூஸை ஒரே மடக்காகக் குடித்தேன். அது மூக்கு வழியாக வந்து தாம்பூலத் தட்டின் மேலேயே விழுந்தது. இருமல் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா அய்யாவு வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது மட்டும் தெரிந்தது.

அதற்குள் மாமா என் காலரைப் பிடித்துச் சமையல்கட்டு வழியாக வெளியே தள்ளி ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பக்கத்தில் வந்து என் வாயை முகர்ந்து பார்த்திருக்கலாம். அந்த வாசனை உனக்குத் தெரியாததா?

தீபாவளியிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. சோறு வாயில் ஒரு பக்கமே தங்கிவிடுகிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. குடி இல்லை என்பது மட்டும் தெரியும்.

குணசேகர்


ராபர்ட்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
24 பிப்ரவரி 2025

குணா,

இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. தபால்காரர் உன் மாமா கையில் கொடுத்திருந்தால் அன்றைக்கே அது அடுப்புக்குள் போயிருக்கும். எழுதியே தீருவேன் என்றால் நான் ஆயா வேலை பார்க்கிற ஸ்கூலுக்கு எழுது.

குடிக்கவில்லை என்கிறாய். இதை உன் வாயால் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் நான். ஆஷா உன்னை விட்டுப் போன அன்றைக்குக்கூட அம்மா படத்தின் மேல் கை வைத்துச் சொன்னாய். சொல்லும்போதே உன் பேன்ட் பையில் பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்க்கவில்லையாம். முகர்ந்து முகர்ந்துதான் என் பாதி ஆயுசு போனது.

உனக்குத் தொண்டையில் கேன்சர் என்றபோது கட்டின பெண்டாட்டியா வந்தாள்? நான் வந்தேன். ஸ்கூலுக்குப் போகிற பொண்ணை உன் மாமாவிடம் விட்டுவிட்டு மர்பி டவுனில் வந்து கிடந்தேன். ரேடியேஷன் முடிந்து நீ வரும்போது கழுத்துத் தோல் கருகி சட்டைக் காலரில் ஒட்டியிருக்கும். தேங்காய் எண்ணெய்கூடத் தடவக் கூடாது என்றார்கள். எச்சில் விழுங்க முடியாமல் நீ சுவரைக் குத்துவாய். கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினேன். இனிமேல் தொடவே மாட்டேன் என்று அப்போது எழுதிக் காட்டினாய். அதை நம்பினேன். ஒன்பது வருஷம் நம்பினேன்.

அய்யாவு பெரிய மனுஷர். "குடிக்கிற மாமன் எந்தக் குடும்பத்துல இல்ல, விடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. மே மாதம் கல்யாணம். பெரியப்பா மகன் சாய்கிருஷ்ணாவைத் தாய்மாமனாக நிற்கச் சொல்லியாகிவிட்டது. நீ வர வேண்டாம்.

செண்பகம்


மர்பி டவுன்
10 மார்ச் 2025

அக்கா,

சாய்கிருஷ்ணா நல்ல உயரம். போட்டோவில் நன்றாக இருப்பான்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் காலையில் ஸ்கூல் வேன்களை நிறுத்தி டிராஃபிக் போலீஸ் செக் செய்தார்கள். குடித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றுகிற டிரைவர்களைப் பிடிக்கிறார்கள். என் வேனிடம் வந்தவர் பேர் என்ன என்றார். சொன்னேன். குணசேகர் என்பதில் சேகர் வரவில்லை. உடனே வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். "ஊதப்பா, ஜோராகி ஊது" என்று மெஷினை வாயில் வைத்தார். ஊதினேன். ஒன்றும் காட்டவில்லை. மெஷினைத் தட்டிப் பார்த்து மறுபடி ஊதச் சொன்னார். அப்புறம் வேறு மெஷின் கொண்டு வரச் சொல்லி அதிலும் ஊதச் சொன்னார். கடைசியில், "குடிதில்லா. ஹோகு", குடிக்கவில்லை, போ என்று சாவியைக் கையில் கொடுத்தார். ஒரு வாய்கூடத் தொடவில்லை என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆள் ஒத்துக்கொண்டிருக்கிறார். போலீஸ்காரர்.

ஆனால் வேனில் இருந்த பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். இரண்டு அம்மாக்கள் வேன் ஓனர் க்ளெனுக்கு போன் செய்தார்கள். க்ளென் நல்லவன். என் வீட்டுக்கே வந்தான். "குணா, நீ குடிக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா பேரன்ட்ஸ் கிட்ட என்னன்னு சொல்றது? கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றான். அவனும் என்னை முகர்ந்தான், நான் பார்த்தேன். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்குத்தான் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டினேன். நேராக வரவில்லை, வலது பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது. அந்தப் பக்கம் பாதி நாக்கு வற்றல் மாதிரி சுருங்கியிருக்கிறது. அதற்குள் புழு நெளிவது போல ஏதோ துடித்துக்கொண்டே இருக்கிறது. ரேடியேஷன் கொடுத்ததும் வலது பக்கம்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது அக்கா, அது திரும்பி வந்துவிட்டது. ஐந்து வருஷம் செக்கப் முடிந்ததும், இனி வர வேண்டியதில்லை, ஏதாவது புதிதாகத் தெரிந்தால் மட்டும் வா என்றார்கள். தெரிந்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன். போனால் சொல்லிவிடுவார்கள். கல்யாணம் முடியட்டும் என்று பார்த்தேன். இனி எனக்கு அந்தக் கல்யாணமும் இல்லை.

குணசேகர்


ராபர்ட்சன்பேட்டை
21 மார்ச் 2025

குணா,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்தேன். பிறகு பாத்ரூமில் போய் என் நாக்கை நீட்டிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. எதற்குப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பொய் சொல்கிறாயா என்று யோசித்தேன். நாக்கு துடிக்கிறது என்றெல்லாம் கற்பனை செய்கிற ஆள் இல்லை நீ. உன் பொய்கள் எப்போதும் சின்னதாக இருக்கும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு போ, அலமாரியின் மேல் தட்டில் பச்சைப் பையில் நான் கட்டி வைத்ததுதான். நான் வர முடியாது. பத்திரிகை வைக்கத் தினமும் ஊர் ஊராகச் சுற்றுகிறோம். உன் பேரை எடுத்தாலே மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார்.

போய்க் காட்டிவிட்டு எழுது. மோர் குடிக்காதே, சளி பிடிக்கும். புரை ஏறுகிறது என்றால் தலையைக் குனிந்தபடி குடித்துப் பார்.

செண்பகம்


மர்பி டவுன்
16 ஏப்ரல் 2025

அக்கா,

போனேன். மூக்கு வழியாக டியூபை விட்டுப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரும் வரை நான் சாப்பிடவில்லை, சாப்பிட்டாலும் இறங்காது என்பது வேறு விஷயம்.

கேன்சர் இல்லை. எங்கேயும் இல்லை.

டாக்டரம்மா சின்ன வயது, தமிழ் பேசினார். படம் வரைந்து காட்டினார். அன்றைக்குக் கட்டியை எரித்த கதிர்வீச்சு பக்கத்தில் போகிற நரம்புகளையும் கொஞ்சம் தொட்டிருக்கிறது. அந்த இடம் வருஷக்கணக்கில் மெதுவாக இறுகி இறுகி, இப்போது நாக்குக்கும் தொண்டைக்கும் போகிற நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது. சில பேருக்கு இப்படிப் பத்து வருஷம் கழித்துக்கூட வருமாம். "அப்ப குடுத்தது தப்பா மேடம்?" என்று கேட்டேன். "குடுக்கலன்னா இன்னிக்கு நீங்க இந்தக் கேள்விய கேட்டிருக்க மாட்டீங்க" என்றார். 

போன நரம்பு திரும்பி வராது. நிறுத்தி நிதானமாகப் பேசவும், புரை ஏறாமல் விழுங்கவும் பயிற்சி கொடுப்பார்களாம். சோறு நுரையீரலுக்குள் போனால் ஆபத்து, அப்போது குழாய் வைக்க வேண்டிவரும் என்றார். "ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க? உங்ககூட யாரும் இல்லையா?" என்றார். இருக்கிறார்கள், கல்யாண வேலையில் இருக்கிறார்கள் என்றேன்.

அக்கா, மாமாவிடம் சொல். மாப்பிள்ளை வீட்டிலும் சொல். டாக்டர் எழுதிக் கொடுத்ததன் ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன். நான் வருகிறேன். மேடையில் பேச மாட்டேன். அங்கே எதையும் குடிக்கவோ சாப்பிடவோ மாட்டேன். தாய்மாமன் மாலையை மட்டும் அவள் கழுத்தில் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன். அதற்கு நாக்கு தேவையில்லை.

குணசேகர்


ராபர்ட்சன்பேட்டை
27 ஏப்ரல் 2025

குணா,

கேன்சர் இல்லை என்ற வரியைப் படித்ததும் ஸ்கூல் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து தண்ணீர் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது உன் ஞாபகம் வந்து மறுபடியும் அழுதேன். நான் உன்னை நம்புகிறேன். முதல் நாளே நம்பியிருக்க வேண்டும்.

மாமாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் கடைசி வரை கேட்டார். முகம்கூடக் கொஞ்சம் இளகியது. அப்புறம் சொன்னார்: "இத வெளிய சொல்லாத."

அய்யாவு வீட்டில் உனக்கு கேன்சர் வந்ததை நாங்கள் சொல்லவே இல்லை குணா. பெண் பார்க்க வந்தபோது, உங்க பக்கம் யாருக்காவது பெரிய வியாதி உண்டா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். இல்லை என்று மாமா சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் காபி டம்ளரோடு நின்றேன். இப்போது ரேடியேஷன் என்று ஆரம்பித்தால் எதற்கு ரேடியேஷன் என்று கேட்பார்கள். தாய் வழியில் கேன்சர் என்றால் பொண்ணுக்கு வருமா, பிறக்கிற பிள்ளைக்கு வருமா என்று போகும். மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை: "குடிகார மாமன்னா ஒரு நாள் அசிங்கம், செண்பகம். கேன்சர் மாமன்னா கல்யாணமே நிக்கும்."

மமதாவுக்கும் சொல்லவில்லை. பழைய கேன்சர் அவளுக்குத் தெரியும், மாப்பிள்ளை அருண்குமாரிடம் அதைப் பேசக் கூடாது என்று வாயைக் கட்டி வைத்திருக்கிறோம். அவளும் நீ குடித்தாய் என்றே நினைக்கிறாள். அப்படியே இருக்கட்டும் குணா. நீ வராமல் இரு. யாராவது கேட்டாலும் ஒன்றும் சொல்லாதே. உன் காலைப் பிடிக்கிற மாதிரி நினைத்துக்கொள்.

செண்பகம்


மர்பி டவுன்
5 மே 2025

அக்கா,

நீ என்னை நம்பாமல் தள்ளியபோது எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு தூங்க முடிந்தது. இப்போது நீ நம்பிவிட்டுத் தள்ளுகிறாய். இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குடித்த காலத்தில் குடிக்கவில்லை என்று பொய் சொன்னேன். இப்போது குடிக்காதவனை, குடித்தேன் என்று பொய் சொல்லச் சொல்கிறாய். பொய்யை விட்டவனை மறுபடியும் கூப்பிட்டு அதிலேயே உட்கார வைக்கிறாய். மாமாவின் கணக்கு சரிதான். ஊரில் குடிகாரனுக்கு இருக்கிற மரியாதை நோயாளிக்கு இல்லை.

வர மாட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன். இது உனக்காக இல்லை. கஞ்சி வடிகட்டிய அந்தக் கைகளுக்காக. அவை இப்போது உன்னிடம் இருக்கின்றனவா என்று தெரியவில்லை.

காலைப் பிடிக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளச் சொன்னாய். நினைக்கவில்லை.

குணசேகர்


ராபர்ட்சன்பேட்டை
26 மே 2025

குணா,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மழை வரவில்லை. மமதா பச்சைப் பட்டில் அம்மா மாதிரியே இருந்தாள்.

சாய்கிருஷ்ணா மாலை போட்டான். போடும்போது ஒரு கையில் போன் வைத்திருந்தான். மமதா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் வீடியோக்காரனைப் பார்த்தேன்.

உனக்குச் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் நெஞ்சில் கல்லாக நிற்கிறது. பந்தியில் அய்யாவுவின் தம்பி சத்தமாகக் கேட்டார், "ஒரிஜினல் மாமன் எங்கம்மா, ஒயின் ஷாப் இன்னும் மூடலியா?" எல்லாரும் சிரித்தார்கள். குணா, நானும் சிரித்தேன். அழக் கூடாதே என்றுதான் சிரித்தேன். ஆனால் சிரித்தேன்.

அவர்கள் பொம்மனஹள்ளியில் வீடு எடுத்துப் போய்விட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய்? ட்ரெயினிங் போகிறாயா? எழுது.

செண்பகம்


மர்பி டவுன்
19 ஜூன் 2025

அக்கா,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நடந்ததை நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்வதுதான் சரி.

இந்த மாதத் தொடக்கத்தில் காய்ச்சல் வந்தது. சாப்பிட்ட சோறு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகிவிட்டது. க்ளென்தான் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சொந்தக்காரர் யாராவது வேண்டும் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அவன் என் போனில் தேடி, பெங்களூரிலேயே இருக்கிற மமதாவைக் கூப்பிட்டுவிட்டான். உன்னைக் கூப்பிட முடியவில்லை, உன் வீட்டில்தான் நான் பிளாக் ஆயிற்றே.

அவளும் அருண்குமாரும் வந்தார்கள். என் மூக்கில் குழாய். வராண்டாவில் எனக்குக் கேட்கும்படி திட்டிக்கொண்டு வந்தவள், குழாயைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அருண்குமார் நல்ல பையன் அக்கா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன ஆச்சு மாமா? குடியால வந்ததா?" என்று கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

இல்லை என்று தலையாட்ட ஒரு நொடி போதும். எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆமாம் என்று ஆட்டினேன்.

மமதா என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா உனக்காக எவ்ளோ பட்டாங்க. இதுக்குத்தானா மாமா?" என்றாள். பிறகு வெளியே போய்விட்டாள். அருண்குமார் மட்டும் என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். என்னிடம் கேட்பதற்கு இனி உனக்கு ஒன்றும் மீதி இல்லை. எனக்கு எழுத வேண்டாம்.

குணசேகர்


ராபர்ட்சன்பேட்டை
30 ஜூன் 2025

குணா,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே மமதாவைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அருண்குமாரும் கேட்கட்டும் என்றேன். கேன்சர், ரேடியேஷன், நாக்கு, நாங்கள் மறைத்தது, உன்னை வர வேண்டாம் என்றது, பந்தியில் நான் சிரித்தது, ஒன்றும் விடவில்லை. உன் மாமா பக்கத்து அறையில்தான் இருந்தார். நடுவில் வந்து போனைப் பிடுங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. கல்யாணமாகி முதல் தடவையாக அவர் கையைத் தட்டிவிட்டேன்.

 அருண்குமார்தான் பேசினார். "எங்க சித்திக்கும் மார்புல வந்து ஆபரேஷன் பண்ணாங்க அத்தை. எங்க வீட்லயும் உங்ககிட்ட சொல்லல" என்றார். அப்புறம் போன் கட் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மமதா என் போனை எடுப்பதில்லை.

இரண்டு வீடும் ஒன்றையே மறைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம் குணா. நடுவில் உன்னைப் போட்டு மிதித்திருக்கிறோம்.

நான் வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுது. மாமாவைக் கேட்க மாட்டேன்.

செண்பகம்


மர்பி டவுன்
17 ஜூலை 2025

அக்கா,

மூக்குக் குழாயை எடுத்துவிட்டு இப்போது வயிற்றில் ஒன்று வைத்திருக்கிறார்கள். பால், கஞ்சி எல்லாம் அதன் வழியாகத்தான். ருசி என்பது இல்லை. மமதா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். என்னோடு பேசுகிறாள். உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறாள். நான் அவளைச் சமாதானம் செய்யவில்லை. அது என் வேலை இல்லை.

நீ அவளிடம் சொன்னது எனக்குத் தெரியும். அது சரியான காரியம். கல்யாணத்துக்கு முன்னால் செய்திருந்தால் நல்ல காரியமாக இருந்திருக்கும்.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறேன். பழையபடி வராது, ஆனால் நிறுத்தி நிறுத்திப் பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரியும் அளவுக்குக் கொண்டு வரலாம் என்கிறார்கள். அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் எல்லாரிடமும், உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிற வாக்கியங்களை எழுதிக்கொண்டு வாருங்கள், அதையே பழகலாம் என்றாள். பக்கத்தில் இருக்கிற பெரியவர், தண்ணீர் வேண்டும், ஃபேனைப் போடு என்று எழுதி வந்தார். இன்னொருவர் பேத்தியின் பெயரை எழுதி வந்தார். நான் உன்னிடம் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு போனேன். அந்தப் பெண் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "இது ரொம்ப நீளமா இருக்கே சார், பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்றேன்.

அதைக் கடிதத்தில் எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினால் நீ ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்துவிட்டு, அழுதுவிட்டு, மடித்து வைத்துவிடுவாய். என் எதிரில் உட்கார்ந்து, என் வாயிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக நீ கேட்க வேண்டும். ஒரு வார்த்தைகூட உனக்குப் புரியாமல் போகக் கூடாது.

பாதி வரைக்கும் இப்போது தெளிவாக வருகிறது. முழுவதும் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன். அப்போது வா.

குணசேகர்